நூறு கோடி வருஷச் சண்டை

எங்கள் வீட்டில் இருபத்திரண்டு வருடமாக ஒரே சண்டைதான். மாமியார் சண்டை இல்லை, நகைச் சண்டை இல்லை. இந்தப் பிரபஞ்சத்துக்கு வயது என்ன என்பதுதான் சண்டை. நான் ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருடம் என்பேன். என் மனைவி கயற்கண்ணி ஆயிரத்து இருநூற்று எண்பது கோடி என்பாள். நடுவில் நூறு கோடி வருடம். அதை விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை.

"ஆயிரம் கோடியத் தாண்டியாச்சு. அதுக்கு மேல நூறு கோடி முன்னபின்ன இருந்தா குடியா முழுகிரும்?" என்று என் தம்பி கேட்பான். முழுகத்தான் செய்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. வானத்தில் இருக்கிற விண்மீன் மண்டலங்கள் எல்லாம் ஒன்றை விட்டு ஒன்று விலகி ஓடிக்கொண்டிருக்கின்றன. எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஓடும். தூரமும் வேகமும் சரியாகத் தெரிந்துவிட்டால், எல்லாம் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்த நாள் எது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடித்துவிடலாம். பிரபஞ்சத்தின் பிறந்தநாள் அதுதான். கயல் இந்த வழிக்காரி. நான் வேறு வழி. பிரபஞ்சம் கைக்குழந்தையாக இருந்தபோது கிளம்பிய வெளிச்சம் இன்னும் வானம் முழுக்க மங்கலாக மிச்சமிருக்கிறது. அதைப் படித்து வயது சொல்பவன் நான். இரண்டு வழியும் ஒரே விடையில் போய் நிற்க வேண்டும். நிற்கவில்லை. எங்கள் வாத்தியார்கள் காலத்திலேயே நிற்கவில்லை. 2079-லும் நிற்கவில்லை. ஒரு கூட்டம் எங்கேயோ தப்புச் செய்கிறது. அது எந்தக் கூட்டம் என்பதில்தான் உலகமே இரண்டு கட்சி, எங்கள் வீடு உட்பட.

தேனிப் பக்கம் மேகமலை அடிவாரத்தில் உள்ள ஆய்வகத்தில் இருவருக்கும் எதிரெதிர் அறை. அவள் மதுரைக்காரி, நான் தூத்துக்குடி. கயல், சவரி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்ட நாட்கள் குறைவு. "ஏ இருநூத்தெண்பது, டீ ஆறுது" என்று நான் கத்துவேன். "வாரேன் இரு முந்நூத்தெண்பது, வானமா இடிஞ்சு விழுகுது" என்று அங்கிருந்து பதில் வரும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் அதற்கும் ஒரு எண்ணைத்தான் பெயராக வைத்திருப்போம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டால் இப்படித்தான் ஆகும்.

இந்த எண்ணைப் பெயராக வைத்துக் கூப்பிட்ட பழக்கம்தான் எங்களுக்கு வினையாக வந்து முடிந்தது.

போன வருடம், சண்டையை ஒரேயடியாகத் தீர்த்துவிடுவது என்று உலகக் குழு ஒன்று கூடி முடிவெடுத்தது. நாலாயிரம் விண்மீன் மண்டலங்களின் தூரமும் வேகமும் புதிதாக அளந்து கையில் இருந்தது. ஆனால் அளவு மட்டும் போதாது. ஒவ்வொரு மண்டலத்துக்கும் சொந்த ஓட்டம் என்று ஒன்று உண்டு. கயல் இதற்கு ஒரு உதாரணம் வைத்திருந்தாள். தீபாவளிக்கு முதல் நாள் மதுரை விளக்குத்தூண் பக்கம் போனால் கூட்டம் மொத்தமாக ஒரு பக்கம் நகரும். அதற்குள்ளேயே ஒருத்தர் ஜவுளிக்கடைக்குள் ஒதுங்குவார், இன்னொருத்தர் தொலைந்த பிள்ளையைத் தேடி எதிரே ஓடுவார். கூட்டத்தின் வேகம் தெரிய வேண்டும் என்றால் இவர்களையெல்லாம் அடையாளம் கண்டு கழிக்க வேண்டும். வானத்திலும் அதே கதைதான். எதைக் கழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்பது கண்பழக்கம். அதில்தான் ஆபத்தும். விடை என்ன வர வேண்டும் என்று தெரிந்தவருடைய கை, அந்த விடைக்கு இடைஞ்சலாக இருப்பதைத் தானாகவே தூக்கிப் போட்டுவிடும். அது திருட்டு இல்லை. அவருக்கே தெரியாமல் நடப்பது.

இயந்திரத்திடம் கொடுக்கலாமே என்பீர்கள். அத்தனை இயந்திரமும் நூறு வருடக் கட்டுரைகளைத் தின்று வளர்ந்தவை. அவற்றின் இரத்தத்திலேயே இந்த இரண்டு எண்ணும் ஊறிக் கிடக்கிறது. இயந்திரத்தை மறக்க வைக்க முடியாது. மனுஷனை மறக்க வைக்க முடியும் என்று அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்கள்.

அந்தக் கண்பழக்கம் உள்ளவர்கள் உலகத்திலேயே மூன்று பேர். சிலியில் ஒருவர், ஜப்பானில் ஒருவர், தேனியில் இவள். முதல் இரண்டு பேரும் மருத்துவப் பரிசோதனைக்குப் போய்விட்டு, முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

மறதி மருத்துவத்துக்காக வந்திருந்தவர் டாக்டர் பாத்திமுத்து. மேலப்பாளையத்துக்காரர், மனசில் ஒன்று நாக்கில் ஒன்று வைத்துப் பேசத் தெரியாதவர். கயலைக் கருவிக்குள் படுக்க வைத்து, ஆயிரத்து இருநூற்று எண்பது, ஆயிரத்து முந்நூற்று எண்பது என்று மாறி மாறி நாற்பது முறை நினைக்கச் சொல்லி, மூளையில் எங்கெல்லாம் வெளிச்சம் எரிகிறது என்று படம் எடுத்தார். பிறகு எங்கள் இருவரையும் உட்கார வைத்தார்.

"சார், ஒளிக்காமச் சொல்லுதேன். அந்த எண்ணுல எதைத் தொட்டாலும் அவுங்க படிச்ச கட்டுரை எரியுது, மாநாடு எரியுது. அதெல்லாம் நாங்க எதிர்பார்த்ததுதான். ஆனா எல்லாத்தையும் விடப் பெருசா எரியுறது நீங்க."

"நானா? நான் எதுக்கு எரியணும்?" என்றேன்.

"உங்க மொகம், உங்க குரல், நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்ட மேசை, எல்லாம். எண்ணை மட்டும் மறைச்சா, உங்களை ஒரு தடவை பாத்ததும் அது திரும்ப வந்துரும். எண்ணை மறைக்கணும்னா உங்களையும் சேத்துத்தான் மறைக்கணும்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த மேசையைத் தூக்கி எறிந்திருப்பேன். கனமான மேசை, அதனால் பிழைத்தது. "என்ன டாக்டர் விளையாடுதீங்களா? இருபத்திரண்டு வருஷத்தைத் தொடச்சுப் போடவா?"

"தொடைக்கிறது இல்ல சார், திரை போடுறது. தொண்ணூறு நாள். அவுங்க விடையை எழுதி மூடி முத்திரை போட்டதும், திரை நீக்குற ஊசி போட்டுருவோம். இதுவரை பதினோரு பேருக்குச் செஞ்சிருக்கோம். ஒன்பது பேருக்கு எல்லாம் அப்படியே திரும்பிருச்சு."

"மிச்சம் ரெண்டு பேரு?"

டாக்டர் மூளைப் படத்தை உறைக்குள் வைத்தார். கயல் தலையை நிமிர்த்தி, "கையெழுத்து எங்க போடணும்?" என்று கேட்டாள்.

அன்றைக்கு வீட்டில் நடந்ததைச் சண்டை என்று சொல்லக்கூடாது. சண்டை என்றால் எங்களுக்குப் பிடிக்கும். இது வேறு.

"ஒரு எண்ணை விடக் கேவலமாப் போயிட்டேனாட்டி நான்?" என்றேன்.

"லூசு மாதிரிப் பேசாத சவரி." அவள் ரசத்தை அடுப்பில் ஏற்றினாள். "இருபத்திரண்டு வருஷமா ஒன்கிட்ட மல்லுக்கட்டி நான் என்ன ஆயிட்டேன் தெரியுமா? ஒரு கேலக்ஸியை எடுத்தா, இது என் பக்கமா, அவன் பக்கமான்னுதான் மொதல்ல தோணுது. அதுக்குப் பேரு அறிவியலா? கட்சி! ஒன்னைத் தோக்கடிக்கணும்னே வேலை பாத்துக்கிட்டிருக்கேன். நான் ஒரு தடவையாவது வானத்தை வானமாப் பாக்கணும்."

"திரும்பி வரலேன்னா?"

"தெரியல. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நாம செத்தப்புறமும் இதே சண்டையை வேற ரெண்டு பேரு ஆளுக்கொரு மூலைல உக்காந்து போடணுமா? முடிக்கணும் சவரி. யாராவது முடிக்கணும்."

நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஐம்பத்து நாலு வயசில் சாப்பாட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அவள் என் தலையில் கையை வைத்தபடி அடுப்பில் இருந்த ரசம் பொங்கி வழிகிற வரைக்கும் நின்றாள்.

அடுத்த திங்கட்கிழமை ஊசி போட்டார்கள். நான் வளாகத்தின் மறுகோடியில் உள்ள விருந்தினர் விடுதிக்கு மாற்றப்பட்டேன். அவள் கண்ணில் படக்கூடாது, அவள் காதில் என் குரல் விழக்கூடாது. அவள் கையில் அவளே எழுதிய ஒரு கடிதத்தைக் கொடுத்திருந்தார்கள். 'உனக்கு நிறைய ஞாபகம் இருக்காது. நீ சம்மதித்துத்தான் மறந்திருக்கிறாய். கவலைப்படாமல் வேலையைப் பார். எந்த நேரத்தில் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்ல உனக்கு உரிமை உண்டு.' இவ்வளவுதான். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. இருக்கவும் கூடாது.

காலை பத்து மணிக்கு அவள் வேலைக் கட்டடத்துக்கு நடந்து போவதை விடுதி மாடியிலிருந்து பார்ப்பேன். தனியாக நடந்தாள். கல்யாணம் ஆகாத பெண்ணின் நடை என்று ஒன்று இருக்கிறதா எனக்குத் தெரியாது. எனக்கு அப்படித் தோன்றியது.

டாக்டர் பாத்திமுத்து மத்தியானம் கேன்டீனில் என்னோடு சாப்பிடுவார். பாவம் பார்த்துத்தான். ஒரு நாள் சொன்னார்: "நேத்து ஒரு நீதிபதி போன் போட்டாரு சார். வழக்கு கேக்கும்போது எதிர்ல நிக்கிறவன் என்ன சாதின்னு தெரியாம இருக்கணுமாம். அதை மட்டும் மறைக்க முடியுமான்னு கேட்டாரு."

"நல்ல மனுஷன்தான். நீங்க என்ன சொன்னீங்க?"

"சாதியை மறக்கணும்னா அது எங்கருந்து வந்துச்சோ அத்தனை பேரையும் மறக்கணும், ஐயா, பெத்த அம்மாலருந்து ஆரம்பிக்கணும்னேன். போனை வச்சுட்டாரு." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "நாளைக்குப் பரீட்சைத் தாள் திருத்துறவங்களைக் கேப்பாங்க, ஆள் எடுக்குறவங்களைக் கேப்பாங்க. நடுநிலையா இருக்கணும்னா ஊசி போட்டுக்கோன்னுருவாங்க. நான் நல்லதுக்குன்னுதான் கண்டுபிடிச்சேன் சார்."

நான் அவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன். ஆறுதல் சொல்கிற நிலையில் இல்லை.

நாற்பத்தோராம் நாள் காலையில் அவரே என் அறைக்கு வந்தார். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"திரை நாங்க நெனச்சதை விட வேகமா இறுகுது. இன்னிக்கோ நாளைக்கோ நீக்கிட்டா முக்காவாசி திரும்பிரும். தொண்ணூறு நாள் வரைக்கும் விட்டா உறுதி சொல்ல முடியாது. விதிப்படி அவுங்ககிட்டச் சொல்லியாச்சு."

"அவ என்ன சொன்னா?"

"மறந்தது ஒரு பொருளையா, ஊரையா, ஆளையான்னு கேட்டாங்க. ஆளைன்னேன். அப்படின்னா அந்த ஆளைக் கேக்காம நான் எப்படி முடிவு பண்றதுன்னுட்டாங்க."

என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டவள், என்னை மறந்த பிறகு என்னைக் கேட்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இரண்டு அறை, நடுவில் சுவர். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். குரல் கூடாது, கையெழுத்தும் கூடாது. அவள் கேட்பதை டாக்டர் அச்சிட்டுக் கொண்டுவருவார், நான் எழுதுவதை அச்சிட்டுக் கொண்டுபோவார். அறிவியல் பேசக்கூடாது, எண் எதுவும் வரக்கூடாது.

முதல் தாள் வந்தது. 'நான் மறந்தது உங்களைத்தானா?'

'ஆமாம்' என்று எழுதினேன்.

இரண்டாவது: 'நீங்கள் கோபக்காரரா?'

'ரொம்ப.'

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் சிரிப்புதான். கொஞ்சம் மூக்கால் சிரிப்பாள். நாற்பத்தோரு நாளுக்குப் பிறகு அதைக் கேட்டதும் எழுந்துபோய்ச் சுவரில் காதை வைத்தேன்.

மூன்றாவது தாள் வர நேரமாயிற்று. அதில் இப்படி இருந்தது: 'வேலை பாதி முடிந்திருக்கிறது. இந்த வேலையை நான் இவ்வளவு நிம்மதியாகச் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் எனக்காக ஒருவர் காத்திருப்பது நியாயம் இல்லை. நிறுத்தட்டுமா? நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.'

'நிறுத்து.' ஒரே சொல். எழுதினால் நாளைக்குக் கயல் எனக்கு. பேனாவை வைத்து முதல் எழுத்தையும் எழுதிவிட்டேன். யாரும் என்னைக் குற்றம் சொல்லப்போவதில்லை. டாக்டரே அந்தச் சொல்லைத்தான் எதிர்பார்த்து நின்றார்.

ஆனால் திரும்பி வருபவள் கயல் அல்லவா? வந்ததும் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியாதா? 'பாதியில எவன் நிறுத்தச் சொன்னான்?' என்பாள். நான் என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம் அவள் என்னோடு இருப்பாள், சோறு போடுவாள், ஆனால் சண்டை போட மாட்டாள். சண்டை போடாத கயலோடு நான் ஒரு வாரம் கூட இருக்க மாட்டேன். அதை விட முக்கியம், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள் முதல் தடவையாக வானத்தை வானமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் ஒருவனுக்காக அவள் கண்ணைக் கட்ட எனக்கு என்ன உரிமை?

தாளைக் கிழித்தேன். இன்னொன்றில் எழுதினேன்: 'முடித்துவிட்டு வாருங்கள். நான் எங்கேயும் போய்விட மாட்டேன்.'

டாக்டர் படித்துவிட்டு, "நல்லா யோசிச்சுத்தான் எழுதுனீங்களா சார்?" என்றார்.

"தாளை வாங்கிட்டுப் போயிருங்க டாக்டர். இன்னும் ஒரு நிமிஷம் என் கையில இருந்தா அதையும் கிழிச்சிருவேன்."

அவள் தொண்ணூறு நாளையும் முடித்தாள். ஒரு நாள் கூட விடுப்பு எடுக்கவில்லை. விடையை எழுதி, மூடி, முத்திரை வைத்த மறுநாள் காலையில் திரை நீக்கும் ஊசி போட்டார்கள். மூன்று நாள் ஆகும் என்றார்கள். நாலாவது நாள் என்னை உள்ளே விட்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டாள்.

"வாங்க சார். நீங்க யாருன்னு டாக்டர் சொன்னாங்க. கல்யாண போட்டோவும் காட்டுனாங்க." கண்ணில் நீர் நின்றது. "மன்னிச்சுக்கோங்க சார். எவ்வளவு முயற்சி பண்ணியும் ஒண்ணும் வரல."

"உக்காருங்கம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது? வெளியே வந்து, கட்டடத்துக்குப் பின்னால் போய், மலையைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். மலை என்ன செய்தது, பாவம்.

அந்த வாரமே விடையைத் திறந்தார்கள். காலை பதினோரு மணி, அரங்கம் நிரம்பி வழிந்தது, உலகம் முழுக்க நேரலை. அவளுக்கு மூன்று வானங்களைக் கொடுத்திருந்தார்கள் என்பதை அப்போதுதான் வெளியே சொன்னார்கள். இரண்டு பொய் வானம், கணினியில் செய்தது. ஒன்றுதான் நிஜம். எது எது என்று அவளுக்குத் தெரியாது. பொய் வானங்கள் இரண்டின் வயதையும் செய்தவர்கள் வைத்திருந்தபடியே சொல்லியிருந்தாள். இனி அவள் நிஜ வானத்துக்குச் சொல்லியிருப்பதை எவனும் மறுத்துப் பேச முடியாது.

குழுத் தலைவர் மூன்றாவது உறையைப் பிரித்துப் படித்தார். ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருடம்.

என் எண்.

என் கட்சிக்காரர்கள் எழுந்து ஆடினார்கள். யாரோ என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள், யாரோ என் முதுகில் அடித்தார்கள். இருபத்திரண்டு வருடம் ஒரே சண்டை, ஜெயித்துவிட்டேன். முதல் வரிசையில் கயல் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. தோற்றது தான்தான் என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் இருவரில் ஜெயித்தவனுக்கு மட்டும்தான் தெரியும். அந்த வெற்றியைக் கொண்டுபோய் எங்கே போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தோம். டாக்டர் சொன்ன யோசனை. இரண்டு வாரம் குடித்தோம். "தூங்குனீங்களா சார்?" "தூங்குனேன்மா." "மழை வரும்போல." "ஆமா, வரும்." ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்தவர்கள் கூட இதை விட நன்றாகப் பேசுவார்கள். அவள் நல்லவள், மரியாதை தெரிந்தவள், எனக்காக வருத்தப்படுபவள். எனக்கு அந்த மரியாதையைப் பார்த்தாலே எழுந்து ஓடத் தோன்றியது.

பதினைந்தாம் நாள் அவள் கையில் ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. எல்லாம் அவளுடைய பழைய கட்டுரைகள். படிக்க அனுமதி கொடுத்திருந்தார்கள்.

"நான் எழுதுனதாம். யாரோ எழுதுன மாதிரி இருக்கு சார்" என்றாள். "ஆயிரத்து இருநூத்தி எண்பதுன்னு வரிஞ்சு கட்டிக்கிட்டு நின்னுருக்கேன். இருபது வருஷம்! படிக்கப் படிக்கச் சிரிப்புத்தான் வருது. நாம இருக்குற இடம் ஒரு பள்ளம் மாதிரி, இங்க கேலக்ஸி கம்மி. சுத்தி இருக்குற கூட்டம் இழுக்கும்போது பக்கத்துல உள்ளதெல்லாம் கூடுதல் வேகமாத்தான் ஓடும். வேகம் கூடுனா பிரிஞ்சு வந்த காலம் கொறைவா வரும், அதை நம்பி வயசைக் கொறைச்சுச் சொல்லியிருக்கா. இது கூடத் தெரியாமலா இருந்துச்சு இந்தப் பொம்பளைக்கு?"

டீ டம்ளரை மேசையில் வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, டீ சிதறி காகிதமெல்லாம் நனைந்தது.

"யாரைப் பாத்து என்ன பேசுதீங்க? அவளுக்கா தெரியாது? இந்தப் பள்ளக் கதையை அவகிட்ட நூறு பேரு சொல்லியிருக்கான். ஒருத்தனையும் அவ விட்டு வச்சதில்ல!"

கேன்டீனில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கயலுக்கு முகம் சிவந்தது. "தப்பைத் தப்புன்னுதான் சொல்ல முடியும். நான் எழுதுனதை நானே சொல்லக்கூடாதா?"

"நீங்க எழுதல! அவ எழுதுனது! பள்ளம்னு சொல்லுதீங்களே, அவ்வளவு ஆழமாப் பள்ளம் இருந்தா அந்தப் பழைய வெளிச்சம் காட்டிக் குடுத்துருக்கும்னு ஆறாவது கட்டுரையில எழுதியிருக்கா. படிச்சீங்களா?"

"படிச்சேன். அவ்வளவு ஆழம் வேண்டியதில்ல. அகலமா இருந்தாலே போதும்." காகிதத்தைத் திருப்பிப் போட்டுப் படம் வரைய ஆரம்பித்தாள். "இங்க பாருங்க."

"பாத்தாச்சு. அகலமா இருந்தா தூரத்துல போகப் போக வேகம் படிப்படியாக் கொறையணும். வெளிச்சம் கூடிக் கொறைஞ்சு துடிக்கிற நட்சத்திரங்களை வச்சுத் தூரத்தை அளந்ததுல கொறையலன்னு காட்டியிருக்கா."

"கொறையுது! அவ அளந்த தூரம் பத்தாது, அதுக்கு மேல போயிருக்கணும். கொஞ்சம் பொறுய்யா, முழுசாச் சொல்ல விடு!"

'சார்' போய் ஒருமைக்கு வந்தது அவளுக்கே தெரியவில்லை. நான் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு அவளுடைய வாதங்கள் அத்தனையும் மனப்பாடம். இருபத்திரண்டு வருடம் எதிரில் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டவன் அல்லவா? வேறு யாரிடமும் அவை இப்படி உயிரோடு இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து வீசினேன். ஒவ்வொன்றாக அவள் வெட்டிச் சாய்த்தாள். என் எண்ணை அவள் காப்பாற்றினாள், அவள் எண்ணுக்காக நான் தொண்டை கிழியக் கத்தினேன். சமையல்காரர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் என்னிடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. கயலின் வலுவான வாதம். "சரி, பள்ளம்னே வச்சுக்குவோம். வடக்கு வானத்துலயும் தெற்கு வானத்துலயும் எல்லாம் ஒரே மாதிரித்தான் ஓடுதுன்னு அவ அளந்திருக்கா. அப்படின்னா அந்தப் பள்ளத்துக்குச் சரியா நட்ட நடுவுல நாம உக்காந்திருக்கணும். அது எப்படிங்க? இவ்வளவு பெரிய பிரபஞ்சத்துல நமக்குன்னு எவனும் நடுவுல பாய் விரிச்சு வச்சிருக்கானா?"

பேனா நின்றது. அவள் படத்தைப் பார்த்தாள், பழைய கட்டுரையைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள்.

எனக்குப் பதில் தெரியும். ஒரே மாதிரி ஓடவில்லை, ஒரே மாதிரி ஓடாதவற்றை அவள் கைதான் கழித்துப் போட்டிருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் அதைச் சொன்னதற்குத்தான் நாலு நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். இப்போது வாய் வரைக்கும் வந்தது. இழுத்து மூடிக்கொண்டேன்.

கயல் காகிதங்களை வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். கண் ஜொலித்தது. "ஜெயிச்சுட்டதா நெனைக்காதீங்க. இதுக்குப் பதில் இருக்கு. நாளைக்கு எடுத்துக்கிட்டு வாரேன்."

"எத்தனை மணிக்கு?" என்றேன்.

"எட்டு மணிக்கு. ஒரு நிமிஷம் லேட்டா வந்தாலும் நீங்க தோத்ததா அர்த்தம்."

நான் ஏழரைக்கே போய் உட்கார்ந்துவிடுவேன்.